இருக்கிற ஆட்களை வைத்தே சோதனையின் திறனைக் கூட்டுவது

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழு உறுப்பினர்கள் எழுபது பேர் என்றால் எழுபது பேர்தான். சாம்பிள் போதவில்லை என்பதற்காக அதை நூறாக்க முடியாது. பக்கத்து ஊருக்குப் போகலாம். ஆனால் அங்கே வேன் வாடகை, ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சு, உட்கார ஒரு இடம், நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து ஒரு தேதி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொருளாதாரச் சோதனைகளை எப்படி நடத்துவது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "மாதிரியின் அளவைக் கூட்டுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு, சின்னக் குழுவையும் சின்னப் பட்ஜெட்டையும் வைத்துக் கிராமங்களில் சோதனை நடத்துகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதாது.

ஆளைக் கூட்டாமலேயே சோதனையின் திறனைக் கூட்ட வழிகள் இருக்கின்றன. சோதனை நடக்கும்போதே அதிலிருந்து தெரிந்துகொண்டதை வைத்து மீதிச் சோதனையை மாற்றி அமைத்துக்கொள்வது அவற்றில் முக்கியமானது. துறையில் இதை அடாப்டிவ் டிசைன் என்பார்கள். இந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல உத்திகள் ஒன்றாகக் கிடக்கின்றன. சில திறனைக் கூட்டும், சில குறைத்துவிடும். எது எதைச் செய்யும் என்று பிரித்துப் பார்க்காமல் "நாங்களும் அடாப்டிவ் செய்கிறோம்" என்று இறங்குகிற ஆய்வுகள் இப்போது பெருகி வருவதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் திறன் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு திட்டத்தால் உண்மையிலேயே பலன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பலன் நம் சோதனையில் பிடிபட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் திறன். 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அளக்கும் விஷயத்தின் திட்ட விலக்கத்தை (ஆளுக்கு ஆள் அது எவ்வளவு சிதறுகிறது என்ற அளவை) வர்க்கமாக்கி, நாம் பிடிக்க நினைக்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்து, 16ஆல் பெருக்கினால் ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று வந்துவிடும். திட்டம் பெறுகிறவர்கள் ஒரு குழு, ஒப்பிடுவதற்காகத் திட்டம் பெறாதவர்கள் இன்னொரு குழு. மாதா மாதம் தவறாமல் சேமிப்புக் கட்டுகிறவர்கள் 20 சதவீதம் என்றும், நினைவூட்டல் போன் செய்தால் அது 30 ஆகும் என்றும் எதிர்பார்த்தால், குழுவுக்குச் சுமார் 300 பேர். 25தான் ஆகும் என்றால் சுமார் 1,100 பேர். பலன் பாதியானால் ஆள் நான்கு மடங்கு வேண்டும். கிராமத்துக் களத்தில் இந்த நான்கு மடங்குதான் எல்லோரையும் மடக்குகிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2017இல் அயோனிடிஸ், ஸ்டான்லி, டூகூலியாகோஸ் மூவரும் பொருளாதாரத்தின் 159 ஆய்வுப் பகுதிகளில் 6,700க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசினார்கள். அவற்றின் இடைநிலைத் திறன் 18 சதவீதம் அல்லது அதற்கும் கீழே என்று தெரியவந்தது. திறன் குறைந்தால் உண்மையான பலனைத் தவறவிடுவோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. திறன் குறைந்த சோதனையில் தப்பித்தவறி ஒரு முடிவு பிடிபட்டால், அது உண்மையைவிடப் பெரிதாகத்தான் பிடிபடும். சின்ன வித்தியாசம் அங்கே 'இது தற்செயல் இல்லை' என்று ஏற்கும் எல்லையைத் தாண்டவே முடியாது, ஊதிப்பெருத்தது மட்டும்தான் தாண்டும். 2016இல் காலின் கேமரர் குழுவினர் 18 ஆய்வகப் பொருளாதாரச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது 11இல்தான் அதே முடிவு வந்தது. பலனின் அளவும் சராசரியாக மூல ஆய்வில் சொன்னதில் 66 சதவீதம்தான். அரசோ தொண்டு நிறுவனமோ ஊதிப்பெருத்த எண்ணை நம்பித் திட்டம் தீட்டினால், நட்டம் கடைசியில் அந்தக் கிராமத்துக்குத்தான்.

சரி, அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. அளவின் சிதறல் இருக்கிறது. ஆட்களை எந்தக் குழுவில் எத்தனை வைக்கிறோம் என்பது இருக்கிறது. எப்போது நிறுத்துகிறோம் என்பதும் மறைமுகமாக இருக்கிறது. இந்த மூன்றையும் களத்திலேயே கற்றுக்கொண்டு திருத்தலாம்.

சிதறலிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும், நம் ஊர்களில் அதிகம் பலன் தருவதும் இதுதான்.

வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பெண்களிடம் நாங்கள் பொறுமை விருப்பம் அளக்கப் போவோம். இன்றைக்குக் கிடைக்கும் சின்னத் தொகைக்கும் கொஞ்ச நாள் கழித்துக் கிடைக்கும் பெரிய தொகைக்கும் இடையே ஒருவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்ப்பது. பழைய முறை ஒரு பட்டியல். "இன்னைக்கே 500 ரூபாயா, ஒரு மாசம் கழிச்சு 520ஆ? இன்னைக்கே 500ஆ, ஒரு மாசம் கழிச்சு 540ஆ?" என்று 900 வரை இருபது வரிகள். அந்த அம்மா விடிவதற்கு முன்பே மொட்டுப் பறிக்கத் தோட்டத்தில் இறங்கியவர். பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய், பணம் வந்ததா இல்லையா என்று ஒரு காது போனிலேயே இருக்கும். எங்கள் களப்பணியாளர்களில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஆறாவது வரியைப் படிப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: "ஏத்தா, இதத்தானே மொதல்லயே சொன்னேன், இன்னைக்கே குடுன்னு. திருப்பித் திருப்பி அதையே கேக்குறியே." அதற்குப் பிறகு வரும் பதினான்கு வரிகளுக்கும் "இன்னைக்கே" என்ற ஒரே பதில்தான். அது அவருடைய விருப்பமா, களைப்பா என்று தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது அதே கேள்வியைப் படிக்கட்டாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் நடுவில் போய், இன்றைக்கு 500ஆ, ஒரு மாதம் கழித்து 700ஆ என்று கேட்பது. இன்றைக்கே என்றால் அடுத்தது 800. காத்திருக்கிறேன் என்றால் அடுத்தது 600. ஒவ்வொரு பதிலும் மீதி வீச்சைப் பாதியாக வெட்டும். ஐந்தே கேள்வியில் 32 இடங்களில் ஒன்றில் அவர் நிற்பார், இடைவெளி பன்னிரண்டரை ரூபாய். இருபது வரிப் பட்டியல் கொடுத்தது 21 இடங்கள்தான். கேள்வி நான்கில் ஒரு பங்கு, நுணுக்கமோ கூடுதல். 2012இல் 76 நாடுகளில் ஏறக்குறைய 80,000 பேரிடம் நடந்த உலக விருப்பங்கள் கணக்கெடுப்பில் இந்த ஐந்து கேள்விப் படிக்கட்டைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதற்கும் திறனுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அளவையின் நம்பகத்தன்மை. ஒருவரைத் திரும்ப அளந்தால் அதே பதில் எந்த அளவுக்கு வரும் என்பது அது. உண்மையான பலன் 0.3 திட்ட விலக்கம் என்று வைப்போம். நம்பகத்தன்மை 0.5ஆக இருக்கும் அளவையால் அளந்தால் 80 சதவீதத் திறனுக்குக் குழுவுக்கு 356 பேர் வேண்டும். 0.8ஆக இருந்தால் 222 பேர் போதும். ஒரு குழுவுக்கு 134 பேர் மிச்சம், வெறும் கேள்வி கேட்கும் முறையால். இதற்குக் கூடுதல் பணமோ கூடுதல் ஊரோ வேண்டாம். பதில் சொல்கிறவர்களின் நேரத்தையும் மதித்த மாதிரி ஆகிறது. என்னைக் கேட்டால் அதுவே ஒரு தனிக் காரணம்.

படிக்கட்டில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, முதல் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரவே முடியாது. கேமரரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை இதைச் சரிசெய்கிறது. ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, இதுவரை கிடைத்த பதில்களிலிருந்து அவருடைய விருப்பத்தைப் பற்றிய மதிப்பீட்டைப் புதுப்பித்து, அடுத்து எந்தக் கேள்வி அதிகம் தகவல் தருமோ அதைக் கணினி தேர்ந்தெடுக்கும். ஒரு பதில் தப்பினாலும் அடுத்த கேள்விகள் அவரைத் திரும்பக் கூட்டிவந்துவிடும். கையில் டேப்லெட் இருந்தால் இது இன்று பெரிய காரியமில்லை.

இரண்டாவது சிக்கல் நிஜப் பணம். கேட்ட கேள்விகளில் ஒன்றைக் குலுக்கி எடுத்து அதன்படி பணம் கொடுப்பது பொருளாதாரச் சோதனைகளின் மரபு. "இன்னைக்கே" என்று சொன்னால் அடுத்த தொகை ஏறுகிறது என்பதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால்? நம் ஊர்ப் பெண்கள் பூ மார்க்கெட்டில் தினம் பேரம் பேசுகிறவர்கள், நிச்சயம் கண்டுபிடிப்பார்கள். அதனால் எந்தத் தொகைக்கு நிஜமாகப் பணம் கொடுக்கப் போகிறோம் என்பதைக் கேள்வி தொடங்குவதற்கு முன்பே குலுக்கி, கவரில் ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசியில் அவரே பிரிப்பார், உள்ளே இருக்கும் தொகைக்கு அவர் சொன்ன பதில்களின்படி பணம். இனி எதைச் சொல்லியும் கவருக்குள் இருப்பதை மாற்ற முடியாது என்று தெரிந்தால், மனதில் இருப்பதையே சொல்வதுதான் அவருக்கு லாபம்.

அடுத்தது, ஆட்களை எந்தக் குழுவில் எத்தனை வைப்பது. பாதிக்குப் பாதி என்பது பழக்கம். இரண்டு குழுவிலும் சிதறல் ஒரே மாதிரி இருந்தால் அதுதான் சரி. ஆனால் பல திட்டங்கள் எல்லோரையும் ஒரே மாதிரி நகர்த்துவதில்லை. சேமிப்புக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் சிலர் அசைய மாட்டார்கள், சிலர் ஒரேயடியாக மூவாயிரம் நாலாயிரம் என்று போடுவார்கள். திட்டம் பெறும் குழுவில், அதாவது திட்டக் குழுவில், சிதறல் பெரிதாகும். பெரியாறு வாய்க்கால் தண்ணீர் வருகிற வயல்களில் மணற்பாங்கான துண்டுக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டால்தான் களிமண் துண்டு அளவுக்கு நனையும். ஆட்களைப் பிரிப்பதும் அப்படித்தான். 1934இல் புள்ளியியலாளர் ஜெர்ஸி நெய்மன் இதைக் கணக்காகவே எழுதினார்: சிதறல் எந்த விகிதத்தில் இருக்கிறதோ அந்த விகிதத்தில் ஆட்களைப் பிரி.

எண்ணில் பார்க்கலாம். திட்டம் பெறாத சாதாரணக் குழுவில் திட்ட விலக்கம் 400 ரூபாய், திட்டக் குழுவில் 1,200 ரூபாய், மொத்தம் 400 பேர். பாதிக்குப் பாதி பிரித்தால் வித்தியாசத்தின் மாறுபாடு 8,000. இந்த எண் குறையக் குறையத் துல்லியம் கூடும். ஒன்றுக்கு மூன்றாக, 100க்கு 300 என்று பிரித்தால் 6,400. பாதிக்குப் பாதி முறையில் இதே 6,400 வேண்டுமானால் 500 பேர் வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையை மாற்றாமலேயே நூறு பேர் கிடைத்த மாதிரி. திட்டக் குழுவில் ஒருவரைச் சேர்க்க ஆகும் செலவு அதிகம் என்றால், விகிதத்தைச் செலவின் வர்க்க மூலத்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். இதையும் அதே கணக்குக்குள் அடக்கலாம்.

ஆனால் அந்த 400ம் 1,200ம் முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? அங்கேதான் அடாப்டிவ் வருகிறது. முதலில் ஒரு சின்னப் பகுதியைப் பாதிக்குப் பாதியாக நடத்தி, சிதறலை அளந்து, மீதியை அந்த விகிதத்தில் பிரிப்பது. நெய்மன் எழுதிய மறு ஆண்டே, 1935இல், பி.வி. சுகாத்மே முன்னோட்ட மாதிரியிலிருந்து சிதறலை மதிப்பிட்டு இப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துவிட்டார். பொருளாதாரச் சோதனைகளுக்கு இதை முறைப்படி கொண்டுவந்தவர்கள் ஜின்யோங் ஹான், கெய்சுகே ஹிரானோ, டீன் கார்லன், 2011இல். இதன் நல்ல குணம், இங்கே யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பதில்லை, எவ்வளவு சிதறுகிறது என்று மட்டுமே பார்க்கிறோம். அதனால் முடிவில் பாரபட்சம் புகுவதற்கு வாய்ப்பு குறைவு. முதல் பகுதியை மட்டும் ரொம்பச் சின்னதாக வைத்துவிடக் கூடாது. இருபது பேரை வைத்து அளந்த சிதறலே நம்ப முடியாத சிதறல், அதை நம்பிப் பிரித்தால் பாதிக்குப் பாதியைவிட மோசமாகவும் போகலாம்.

மூன்றாவது, எப்போது நிறுத்துவது. இதன் வரலாற்றில் தமிழ்நாடு ஒரு துயரமான இடத்தில் வருகிறது. புள்ளியியலாளர் ஆப்ரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தபடி தொடர் பகுப்பாய்வை உருவாக்கினார். ஒவ்வொரு பொருளாகச் சோதித்து, ஏற்றுக்கொள்வதா, தள்ளுவதா, இன்னொன்றைப் பார்ப்பதா என்று அந்தந்த நேரத்திலேயே முடிவெடுப்பது. முன்கூட்டியே எண்ணிக்கையைக் கட்டிவைக்கும் முறையோடு ஒப்பிட்டால், சராசரியாகப் பாதி அளவு மாதிரியிலேயே அதே உறுதி கிடைத்தது. 1947இல் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது, வங்காளத்தின் சணல் பரப்பைப் படிப்படியாக மாதிரியெடுத்து மதிப்பிட்ட இந்தியப் புள்ளியியலாளர் மஹலனோபிஸின் பணியை முன்னோடிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார். 1950 டிசம்பரில் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணம் வந்திருந்த வால்டும் அவர் மனைவியும் போன ஏர் இந்தியா விமானம் நீலகிரியில் மோதியது. இருவரும் இறந்துபோனார்கள். அவருக்கு வயது 48. புள்ளியியல் வகுப்பில் வால்டின் பெயரைச் சொல்லும் ஆசிரியர்கள், அவர் உயிர் பிரிந்தது நம் மலையில் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நடுவில் பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை தரவைத் திறந்து பார்க்கும்போதும் 5 சதவீத எல்லையையே வைத்துக்கொண்டு, தாண்டினால் நிறுத்திவிடலாம் என்று ஐந்து முறை பார்த்தால், பலனே இல்லாத திட்டத்தைப் பலன் உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5 இல்லை, 14 சதவீதம். 1969இல் ஆர்மிட்டேஜ் குழுவினர் கணக்கிட்டுச் சொன்னது இது. அதற்கு மருந்தும் பின்னால் வந்தது. 1977இல் போகாக், 1979இல் ஓ'பிரையன், ஃப்ளெமிங் ஆகியோர் எத்தனை முறை பார்க்கிறோம் என்பதற்கு ஏற்ப எல்லையை உயர்த்தி வைக்கும் வழிகளைக் கொடுத்தார்கள். எனக்கு ஓ'பிரையன், ஃப்ளெமிங் முறைதான் பிடிக்கும். ஐந்து முறை பார்ப்பதாக இருந்தால், வித்தியாசத்தை அதன் திட்டப் பிழையால் (தற்செயலால் அது எவ்வளவு ஆடும் என்ற அளவால்) வகுத்து வரும் எண் முதல் முறை 4.56 என்ற எல்லையைத் தாண்ட வேண்டும், அப்புறம் 3.23, 2.63, 2.28, கடைசியில் 2.04. நடுவில் பார்க்காமலே இருந்திருந்தால் 1.96. ஆக, நான்கு முறை இடையில் பார்த்துக்கொண்டதற்குக் கடைசியில் கொடுக்கும் விலை மிகக் கொஞ்சம். பலன் நாம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தால் முன்கூட்டியே நிறுத்தி, மிச்சமாகும் பணத்தை அடுத்த கேள்விக்கு ஒதுக்கலாம்.

2018இல் சமூக அறிவியல் சோதனைகள் 21ஐத் திரும்பச் செய்த கேமரர் குழுவினர் இந்த வழியைத்தான் எடுத்தார்கள். முதல் கட்டத்தில் மூல ஆய்வு சொன்ன பலனில் 75 சதவீதம் இருந்தாலும் பிடிபடும் அளவுக்கு ஆட்கள். அதில் கிடைக்காவிட்டால் மட்டும் இரண்டாம் கட்டம், இப்போது 50 சதவீதம் இருந்தாலும் பிடிபடும் அளவுக்கு. 21இல் 13 தேறின. எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றுக்கும் பெரிய மாதிரி எடுத்திருந்தால் செலவு எங்கோ போயிருக்கும்.

இனி, மேலே சொன்ன "குறைத்துவிடும்" வகை. 1933இல் வில்லியம் தாம்சன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை: எந்த வழி சிறந்தது என்று இதுவரையான தரவு சொல்கிறதோ, அந்த வாய்ப்பின் அளவுக்கே அடுத்து வருகிறவர்களை அந்த வழியில் அனுப்பு. இன்று இணைய நிறுவனங்கள் விளம்பரங்களுக்கு இந்த வகையையும் பயன்படுத்துகின்றன. பங்கேற்கிறவர்களுக்கு நல்லது, ஏனென்றால் சோதனை நடக்கும்போதே பெரும்பாலோருக்கு நல்ல வழி கிடைத்துவிடுகிறது. ஆனால் இரண்டு வழிகளை ஒப்பிட்டு வித்தியாசம் எவ்வளவு என்று அறிவதுதான் நோக்கம் என்றால் இது பொருந்தாது. 1,000 பேர் 900க்கு 100 என்று பிரிந்து முடிந்தால், அந்த ஒப்பீட்டின் துல்லியம் சமமாகப் பிரித்த 360 பேருடைய துல்லியம்தான். மீதி 640 பேரின் உழைப்பு அந்தக் கேள்விக்கு உதவவில்லை.

மருத்துவத்தில் இது ஒருமுறை கண்ணெதிரே நடந்தது. 1985இல் வெளியான ஒரு சோதனையில், மூச்சுத் திணறலோடு பிறந்த குழந்தைகளுக்கு, உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ கருவியையும் வழக்கமான சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். வெல்லும் சிகிச்சைக்கே அடுத்தவரை அனுப்பு என்ற விதி. முதல் குழந்தைக்கு எக்மோ, பிழைத்தது. இரண்டாவது வழக்கமான சிகிச்சைக்குப் போய் இறந்தது. அதற்குப் பிறகு வந்த பத்துக் குழந்தைகளும் எக்மோவுக்கே போய்ப் பிழைத்தன. 11க்கு 1. விதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் ஒப்பிட ஒரே ஒரு குழந்தை இருக்கும் சோதனையை மருத்துவ உலகம் ஏற்க முடியாமல் வருடக்கணக்கில் வாதிட்டது, மேலும் சோதனைகள் நடத்த வேண்டிவந்தது. பிரிட்டனில் 185 குழந்தைகளோடு நடந்த சோதனை 1996இல் வெளியான பிறகுதான் சர்ச்சை அடங்கியது.

வழிகள் நிறைய இருந்து, அதில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதே கேள்வி என்றால் கதை வேறு. மாக்ஸிமிலியன் காஸியும் அன்யா சாட்மனும் 2021இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. இந்தியாவில் நெல் விவசாயிகளுக்குத் தொலைபேசி வழியாக ஆலோசனை சொல்லும் சேவையில் அவர்களை எப்போது, எப்படி அழைத்தால் எடுத்துப் பதில் சொல்வார்கள் என்பது கேள்வி. ஆறு வழிகள், 10,000 எண்கள், தொகுதி தொகுதியாக. காலை 10 மணிக்கு அழைப்பதும், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு குறுஞ்செய்தி அனுப்புவதும் சேர்ந்த வழி முன்னுக்கு வந்தது. தாம்சன் முறையை அவர்கள் அப்படியே எடுக்கவில்லை. முந்துகிற வழிக்கு நாளடைவில் பாதிப் பேர்வரைதான் போகும்படி திருத்தி, மீதிப் பாதியை அதோடு போட்டியிடும் வழிகளுக்குக் கொடுத்தார்கள். போட்டி எங்கே இறுக்கமாக இருக்கிறதோ அங்கே ஆட்கள். எந்த வழி சிறந்தது என்ற கேள்விக்கு இது திறனைக் கூட்டுகிறது. எதுவும் செய்யாத குழுவைவிட எவ்வளவு மேல் என்றும் தெரிய வேண்டுமானால், அந்தக் குழுவின் பங்கை முதலிலேயே கட்டிவைத்துவிட வேண்டும், அதில் விதி கை வைக்கக் கூடாது.

மதுரைக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும்: நம் காலண்டர். சித்திரைத் திருவிழா, ஆடி, தீபாவளி, பொங்கல் என்று பணம் புரளும் மாதமும் முடங்கும் மாதமும் மாறி மாறி வருகின்றன. மல்லிகைக்கு முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. குழுக்களின் பங்கைக் காலப்போக்கில் மாற்றும் சோதனை இதில் எளிதாக ஏமாறும். முதல் தொகுதியில் இரண்டு குழுவுக்கும் நூறு நூறு பேர், இரண்டிலும் சேமித்தவர்கள் 20 சதவீதம். அடுத்த தொகுதியில் பங்கை மாற்றி 50க்கு 150. அதற்குள் அறுவடைப் பணம் வந்து, இரண்டிலும் சேமித்தவர்கள் 40 சதவீதம். இரு தொகுதியிலும் குழுக்களுக்குள் துளி வித்தியாசம் கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் முதல் குழுவில் 150க்கு 40, அதாவது 27 சதவீதம். இரண்டாவதில் 250க்கு 80, அதாவது 32 சதவீதம். இல்லாத பலன் ஐந்து புள்ளி அளவுக்கு முளைத்துவிட்டது. ஒரு தொகுதிக்குள் பங்கை மாற்றாமல் வைத்திருப்பதும், ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பிறகு சேர்ப்பதும்தான் இதற்கு வழி. தொகுதிகளைப் பண்டிகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழாமல் வெட்டிக்கொள்வது நல்லது.

பலன் தெரிய நாளாகும் விஷயங்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை உதவாது. நெல் அறுவடைக்கு நாலு மாதம், படிப்பின் பலனுக்கு ஒரு வருடம் என்றால், தரவு வருவதற்குள் ஆட்சேர்ப்பு முடிந்துவிடும். அங்கே கேள்விகளை மட்டும் தகவமைத்துக்கொண்டு மற்றதைப் பழைய முறையிலேயே நடத்துவது போதும்.

எதைச் செய்தாலும் விதி முழுவதும் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எத்தனை தொகுதி, எந்தத் தொகுதிக்குப் பிறகு பார்ப்பது, எந்த எல்லை, பங்கு எந்தச் சூத்திரத்தால் மாறும், எந்தக் குழுவின் பங்கு எதற்குக் கீழே போகாது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013இல் தொடங்கிய பதிவேட்டில் இதைப் பதிந்துவிடலாம், நம் போன்ற சின்னக் குழுக்களுக்கும் அது திறந்தே இருக்கிறது. விதியைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை போலித் தரவில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும்: பலன் இல்லாதபோது எத்தனை முறை ஏமாறுகிறது, பலன் இருக்கும்போது எத்தனை முறை பிடிக்கிறது. இன்றைய மடிக்கணினியில் அது ஒரு இரவு வேலைதான்.

இடைக்கால முடிவு களப்பணியாளர்களுக்குத் தெரியக் கூடாது என்பதையும் அந்த விதியிலேயே எழுதிவிட வேண்டும். எந்தக் குழு முந்துகிறது என்று தெரிந்தால் குரலில், சிரிப்பில், எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறோம் என்பதில் அது வெளிப்பட்டுவிடும். அதனால் எங்கள் குழுவில் அன்றன்றைய தரவு இரவில் நேராகக் கணினிக்குப் போகிறது, காலையில் டேப்லெட்டில் அன்றைக்கான ஒதுக்கீடு மட்டும் வந்து நிற்கிறது. அக்கா ஒருநாள் கேட்டார், "ஏன் இன்னைக்குப் போன் குழுவுக்கு இத்தன பேர் வந்திருக்கு, அது நல்லா போகுதா?" சிதறல் மாறினாலும் எண்ணிக்கை மாறும் என்பதால் அந்த எண்ணை வைத்து யாராலும் எதையும் ஊகிக்க முடியாது என்று விளக்கினேன். அந்த விளக்கத்தை இப்போது பயிற்சிக் குறிப்பில் முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறோம்.